பச்சைப் போர்வைமேல் வைத்த கை

எங்கள் பக்கத்தில் நிலத் தகராறு என்றால் ஸ்டேஷன் அப்புறம்தான், முதலில் பாவா அடங்கியிருக்கிற தர்கா. சமாதியின் பச்சைப் போர்வைமேல் ஒரு கையும் பெற்ற பிள்ளையின் தலைமேல் ஒரு கையும் வைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். பாதியில் கையை எடுத்தாலும், செய்த சத்தியத்தை மீறினாலும் பிள்ளைக்கு ஆகாது. வல்லக்கோட்டை முருகனுக்கு மொட்டை போடுகிற குடும்பங்கள்தான் நாங்கள் எல்லாரும். ஆனால் சத்தியத்துக்கு முருகனிடம் போக மாட்டோம். முருகன் மன்னித்துவிடுவார், பாவா மன்னிக்க மாட்டார் என்பது ஊர்க் கணக்கு.

அந்தப் பாவாமேல் எனக்குக் கோபம் இல்லை. என்றைக்கோ செத்து, பாவம், மண்ணுக்குள் நிம்மதியாகப் படுத்திருக்கிற மனுஷன். என் வயிற்றெரிச்சலெல்லாம் வாசலில் மயிலிறகோடு உட்கார்ந்திருந்த சாயபுமேல்தான். குழந்தைகளுக்கு ஓதி ஊதுவார், தாயத்து கட்டுவார். தேர்தல் வந்தால் ஜீப்புகள் வரிசையாக வந்து நிற்கும். எந்த வேட்பாளர் தோளில் அவர் பச்சைத் துணி போர்த்துகிறாரோ அவருக்குத்தான் எங்கள் ஊர் ஓட்டு. அந்த ஜீப்புகளை அழைத்து வருகிறவர் என் சித்தப்பா.

அறுபதுகளின் கடைசியில் அப்பா செத்தார். கருமாதி ஈரம் காய்வதற்குள் சித்தப்பா எங்கள் ஏரிக்கரை நிலத்தில் ஏர் ஓட்டிவிட்டார். அம்மா ஸ்டேஷனுக்குப் போனாள். "தர்காவுல பேசிக்கோம்மா" என்று ஏட்டு திருப்பி அனுப்பினார். அம்மாவுக்கு அதில் சந்தோஷம்தான். நிலம் எங்களுடையது என்று சத்தியம் செய்ய அவளுக்கு என்ன பயம்? வியாழக்கிழமை சாயங்காலம் தலைக்குக் குளித்து, முக்காடு போட்டுக்கொண்டு, சின்னப் பெண்ணான என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

ஊரே கூடி நின்றது. சாயபு சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்வதுதான் சத்திய முறை. என்ன சொல்லப்போகிறார் என்று கேட்டுக்கொள்ளாமலேயே அம்மா இரண்டு கைகளையும் வைத்துவிட்டாள்.

"சொல்லு தங்கச்சி. இந்த நெலத்துக்கோசரம் இனிமே நான் சண்டைக்குப் போவ மாட்டேன்."

அம்மா திகைத்துப்போனாள். "இன்னா பாய், நெலம் எங்க வூட்டுதுன்னுதான சொல்லணும்?"

"கைய வச்சிக்கினு இன்னா பேச்சு? புள்ள தலைல கை கீது. சொல்லு."

என் தலைமேல் இருந்த கையை எடுக்காமலேயே அம்மா சொன்னாள். சித்தப்பா எல்லாருக்கும் சர்க்கரை கொடுத்தார். எனக்கும் ஒரு பிடி கிடைத்தது.

வளர்ந்து, சிங்கப்பெருமாள் கோவிலில் ரயிலேறி வேலைக்குப் போக ஆரம்பித்ததும் ஒரு வக்கீலைப் பார்த்தேன். பட்டா அப்பா பெயரில்தான் இருக்கிறது, அந்தச் சத்தியமெல்லாம் கோர்ட்டில் நிற்காது, அம்மா கையெழுத்துப் போட்டால் கேஸ் போட்டுவிடலாம் என்றார். அம்மா போடவில்லை. கெஞ்சினேன், கத்தினேன், சாப்பிடாமல் கிடந்தேன். எனக்கு டைபாய்டு வந்து பிழைத்தபோதும், பிரசவத்தில் ரத்தம் போய்ப் பிழைத்தபோதும், "நான் வாய மூடிக்கினு இருந்ததாலதான் நீ இருக்கற" என்றாள். நான் உயிரோடு இருப்பதே சாயபு பக்கத்துச் சாட்சியாகிவிட்டது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எண்பதுகளில் அம்மா செத்தாள். இனி என் ஒரு கையெழுத்தே போதும் என்று வக்கீல் காகிதங்களைத் தயாராக வைத்திருந்தார். பாவாவை நான் நம்புகிறவள் இல்லை. இருந்தாலும் பேனாவை வாங்கியபோது மடியில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். எனக்கு ஒன்று ஆகிவிட்டால் இந்தப் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று தோன்றியது. பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதற்குள் சாயபுவும் செத்துப்போயிருந்தார். அப்போதும் அந்த ஆள் நினைத்ததுதான் நடந்தது.