பள்ளிக்கூடத்து மேடு

எங்கள் வாசலில் ரெண்டு லாரி நிற்கிற அளவுக்குச் சமதரை இருந்தது. ஆனாலும் அப்பா எங்கள் லாரியை அங்கே நிறுத்தியதே இல்லை. ஊர்க்கோடியில் பள்ளிக்கூடத்து மேட்டில் ஏற்றி, மூக்கை இறக்கத்துப் பக்கம் வைத்து, முன்சக்கரத்துக்கு ஒரு கல்லைக் கொடுத்துவிட்டு நடந்து வருவார். காலையில் செல்ஃப் எடுக்காவிட்டால் கல்லை உருவினால் போதும். லாரி தானாக உருளும், பாதி இறக்கத்தில் கிளட்சை விட்டால் இருமிக்கொண்டே கிளம்பிவிடும். நல்லம்பள்ளிப் பக்கம் கிழட்டு லாரி வைத்திருந்தவர்கள் எல்லாருமே இப்படி ஆளுக்கொரு மேடு பார்த்து வைத்திருந்தார்கள்.

அந்த லாரிக்குப் புங்கெண்ணெய் குடிக்கப் பழக்கியவர் என் மாமா. அம்மாவின் தம்பி. வேதியியல் பட்டம் வாங்கிவிட்டு, வேலை கிடைக்காமல், அத்தையோடு எங்கள் வீட்டில் இருந்தார். பங்க்கில் 'டீசல் இல்லை' என்று அட்டை தொங்கிய ஒரு கோடையில் லாரி பத்து நாள் மேட்டிலேயே நின்றது. ஏரிக்கரைப் புங்க மரங்களைக் காட்டி மாமா அப்பாவிடம் சொன்னார்: "டீசல் மரத்துல காய்ச்சுத் தொங்குதுங்க மச்சான். நாமதான் பொறுக்கறதில்ல."

பொறுக்கினோம். ஊர்ப் பிள்ளைகள் மொத்தமும் பொறுக்கினோம். செக்கில் ஆட்டிய எண்ணெயில் மாமா காஸ்டிக் சோடாவையும் ஸ்பிரிட்டையும் கலந்து, சூடாக்கி, ட்ரம்மில் விட்டு வைப்பார். மறுநாள் அடியில் பழுப்பாக ஒரு பாகு தங்கியிருக்கும். மேலே தெளிந்து நிற்பதைப் பழைய வேட்டியில் வடிகட்டி, டீசலோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினால் லாரி ஓடியது. உண்மையாகவே ஓடியது! எனக்கு அப்போது எட்டு வயசு. மாமாவைவிடப் பெரிய ஆள் உலகத்தில் இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன். புகைதான் அணைத்த விளக்குத் திரி மாதிரி நாறியது. "உங்க லாரி போனா சாமி ஊர்வலம் போற மாதிரி இருக்குதுங்க, கன்னத்துல போட்டுக்கத் தோணுது" என்று பக்கத்து வீட்டுக்காரம்மா அப்பாவைக் கேலி செய்வாள்.

மார்கழி பிறந்ததும் லாரி படுத்துக்கொண்டது. கல்லை உருவி உருட்டினாலும் இறக்கம் முடிகிற வரைக்கும் கிளம்பாது. எண்ணெய்தான் காரணம் என்று அப்பா ஒரே வார்த்தையில் முடித்தார். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்துக் கழித்துக்கொண்டே வரணும் என்றார். பேட்டரியைத் தர்மபுரிக்குத் தூக்கிப்போய்ச் சார்ஜ் ஏற்றினார், அது இல்லை. எண்ணெயைப் பீய்ச்சும் நாசில்களைக் கழற்றிச் சோதித்தார், அதுவும் இல்லை. ஃபில்டரைத் திறந்தபோது உள்ளே கறுப்பு மை மாதிரி அப்பியிருந்தது. மாமா துள்ளிவிட்டார். இத்தனை வருஷமாக டேங்கில் படிந்திருந்த அழுக்கையெல்லாம் புது எண்ணெய் சோப்புப் போட்ட மாதிரி கழுவிக் கொண்டுவந்து ஃபில்டரில் அடைத்திருக்கிறதாம். டேங்கை இறக்கி, உள்ளே கூழாங்கல் போட்டுக் குலுக்கிக் கழுவினோம். குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற மாமா திருகைத் தளர்த்திப் பிடிக்க, நான்தான் கைபம்ப்பை அடித்தேன். நுரை நுரையாகக் காற்று வந்து, பிறகு எண்ணெய் மட்டும் வந்தது.

அடுத்த நாலு நாளும் மேட்டில் ஒரே செல்ஃபில் கிளம்பியது. கல் தன் பாட்டுக்குக் கிடந்தது. அப்பா மாமாவுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். அப்பாவிடமிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

இங்கேதான் நான் வருகிறேன். என் வகுப்பில் ஒருத்தி எங்கள் லாரியை நொண்டி லாரி என்பாள். மேட்டில் ஏற்றி விட்டால்தான் நடக்கும், உங்க மாமா எண்ணெயை உங்க அப்பாவே நம்பவில்லை என்பாள். ஐந்தாம் நாள் சாயங்காலம் அப்பா லோடு இறக்கிவிட்டு வரும்போது வழியில் மறித்து ஏறிக்கொண்டேன். லாரியை இன்றைக்கு நம் வீட்டு வாசலில் நிறுத்துங்க என்றேன். "வேணாங்கண்ணு, அதும் எடத்துல நிக்கட்டும்" என்றார். நான் அழுதேன். அவள் சொன்னதைச் சொல்லி அழுதேன். அப்பா மேட்டுக்குத் திரும்பாமல் நேராக வாசலுக்கு வந்து நிறுத்தினார். தர்மபுரிக்குப் போயிருந்த மாமா கடைசி பஸ்சில் வந்தவர், வாசலில் லாரியைப் பார்த்ததும் நின்று, பானெட்டை ரெண்டு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். அவர் முகத்தில் இருந்த பெருமையை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

அத்தைக்கு எட்டு மாதம். தாய் இல்லாதவள், அதனால் எங்கள் வீட்டிலேயே பிரசவம் என்று வைத்திருந்தார்கள். மறுநாள் விடிவதற்கு முன் அவள் கத்திய கத்தலில்தான் எழுந்தேன். பாய் நனைந்திருந்தது. அம்மா என்னை வெளியே தள்ளினாள்.

பக்கத்து வீட்டார் வண்டி பூட்டட்டுமா என்றார்கள். மாட்டு வண்டி தர்மபுரி போய்ச் சேர வெயில் ஏறிவிடும், லாரி இதோ கிளம்பிவிடும் என்று மாமா சொன்னார். அப்பாவும் அதையேதான் சொன்னார். செல்ஃப் சுற்றியது. எடுக்கவில்லை. மறுபடியும் சுற்றியது. மாமா திருகைத் தளர்த்தினார், நான் பம்ப்பை அடித்தேன், வெறும் காற்றுதான் வந்தது. முந்தின நாள் முழுக்க ஓடிய லாரியில் ஒரு சொட்டு எண்ணெய் ஏறவில்லை. பேட்டரி முனகி நின்றது. பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து தள்ளினார்கள். மணலில் சக்கரம் அசைந்து கொடுத்ததே தவிர உருளவில்லை. மேடு மூன்று பர்லாங்கு தூரத்தில் இருந்தது. உள்ளே அத்தையின் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. குறைகிறதே, நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டு நான் பம்ப்பை அடித்தேன்.

வெளிச்சம் வந்த பிறகு மாடுகளைப் பூட்டி மேட்டுக்கு இழுத்துப்போய் உருட்டியபோதுதான் லாரி கிளம்பியது. வைக்கோல் பரப்பி அத்தையைப் பின்னால் ஏற்றினார்கள். அதியமான்கோட்டை தாண்டும் முன்பே முடிந்துவிட்டது என்று அம்மா பிற்பாடு சொன்னாள். ரெண்டு உயிரும்.

திரும்பி வந்த லாரியை அப்பா அணைக்கவில்லை. அணைத்தால் மறுபடியும் கிளம்பாது என்ற பயமோ என்னவோ, அத்தையை எடுத்துக்கொண்டு போகும் வரைக்கும் அது வாசலில் ஓடிக்கொண்டே நின்றது. வீடெல்லாம் அணைத்த திரி நாற்றம்.

மாமா அழவில்லை. கூட்டத்துக்கு நடுவே வந்து அப்பாவுக்கு எதிரே நின்று கேட்டார்.

"உங்களை யாருங்க மேட்டை விட்டு எறக்கச் சொன்னது?"

நான் வாயைத் திறந்தேன். எனக்குத் தெரிந்த பதில். அப்பா என்னைப் பார்க்காமலேயே சொன்னார்: "யாரும் சொல்லல மாப்ள. நானாத்தான் எறக்கினேன்."

அப்பா பொய் சொல்கிறார் என்று அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன். அம்மா என் வாயை உள்ளங்கையால் பொத்தினாள்.

காரியம் முடிந்த மறுநாள் அப்பா லாரிக்கடியில் படுத்து எதையோ கழற்றினார். டேங்கிலிருந்து என்ஜினுக்குப் போகிற ரப்பர் குழாய். வெளியே ஒழுகல் எதுவும் இல்லை. ஆனால் விரலால் அழுத்தியதும் வெந்த கிழங்கு மாதிரி பிதுங்கி, கையெல்லாம் கறுப்பாக ஒட்டியது. அப்பா அதை மோந்து பார்த்தார். பிறகு எழுந்து பள்ளிக்கூடத்து மேடு இருந்த திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். இன்றைக்கு என்ஜின் படித்தவளாக எனக்கு அந்தப் பார்வை புரிகிறது. மாமாவின் எண்ணெய் ரப்பரைத் தின்றிருக்கிறது. இளகிய குழாய் வழியே காற்று புகுந்து, சமதரையில் நின்ற லாரியின் எண்ணெய் இரவெல்லாம் டேங்குக்கே திரும்பி வடிந்திருக்கிறது. மேட்டில் மூக்கை இறக்கி நின்றவரை டேங்க் உயரத்தில் இருந்ததால் வடியவில்லை. நாலு நாளும் லாரியைக் கிளப்பியது மேடுதான்.

கொல்லையிலிருந்து மாமா வரும் சத்தம் கேட்டது. அப்பா சட்டென்று குழாயை வேட்டி மடிப்புக்குள் மறைத்துக்கொண்டார். பிறகு வெந்நீர் அடுப்பில் செருகி, அது உருகி எரிந்து தீரும்வரை எதிரிலேயே குந்தியிருந்தார். யாரிடமும் சொல்லாதே கண்ணு என்றார்.

மாமா அந்த மாதமே ஓசூருக்கு வேலைக்குப் போனார். அப்பா சாகும்வரை மாமா அவரோடு பேசவில்லை, அப்பாவின் சாவுக்கும் வரவில்லை. அம்மாகூட ரொம்ப நாள் அப்பாவுக்குச் சோற்றை வைத்துவிட்டு முகம் பார்க்காமல் நகர்ந்துவிடுவாள்.

குழாயைக் கவனிக்காமல் விட்டதற்கு மாமா அடிப்பார் என்ற பயத்தில்தான் அப்பா குழாயை எரித்தார் என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன். என் அப்பா ஒரு கோழை என்று வகுப்பில் அவளிடம் சொல்லியும் இருக்கிறேன்.