கரையிலிருந்தே போய்வரச் சொன்னவர்

வெள்ளிக்கிழமை பகலில் சிதம்பரத்தில் என் கடையில் பெனடிக்ட்டுக்காகக் காத்திருந்தேன். டயாலிசிஸ் முடிந்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக என் கடைக்கு வருவார். கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் கடலூர் பஸ் ஏறுவார். அன்று அவர் எண்ணிலிருந்து போன் வந்தது. பேசியது அவர் மனைவி ஜெசிந்தா.

“அண்ணே, அவரு இன்னிக்கு வரமாட்டாரு.”

“ஏம்மா, நாள மாத்திட்டாங்களா?”

“இல்லண்ணே. காலையில காபி குடிச்சிட்டு அப்பிடியே சாஞ்சிட்டாரு. இனிமே வரமாட்டாருண்ணே.”

கடையைப் பாதி சாத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை. ரொம்ப நாளாக எதிர்பார்த்த ஒன்று நடந்துவிட்டபோது வரும் அசதிதான் வந்தது.

இதைப் படிக்கும் உங்களில் பலர் அவரைக் கேப்டன் சார் என்று அழைத்தீர்கள். அவருக்கு அது பிடிக்காது. “செகண்ட் ஆபீசரோட நின்னவன் நான். இல்லாத பதவிய ஏன் குடுக்கறீங்க?” என்பார். சரக்குக் கப்பல்களில் பல வருடம் இருந்தவர். சர்க்கரை நோய் கண்ணைத் தொட்டதும் மருத்துவச் சோதனையில் தேறாமல் கடலூர் செம்மண்டலம் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். நான் காட்டுமன்னார்கோயில் பக்கத்து விவசாயக் குடும்பம். கல்லூரியில் இருவரும் ஒரே பெஞ்சு. நேரில் ‘டா’ போட்டுத்தான் பேசுவோம். எழுதும்போது ஏனோ ‘அவர்’ என்றே வருகிறது.

படகுகளுக்கான ஜி.பி.எஸ். திரைகளை விற்பதும் பழுது பார்ப்பதும் என் தொழில். ஒருநாள் கடையில் உட்கார்ந்தபடி கேட்டார்: “நீ பாட்டுக்கு டப்பாவ வித்துட்டுப் போயிடற. அதுல தெரியறது என்னன்னு யாருடா சொல்றது?” அப்படித்தான் கடலூர் துறைமுகத்து மீன் ஏலக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு தொடங்கியது. சர்ச்சில் பூசை முடிந்து அவர் வருவார். நான் சிதம்பரத்திலிருந்து ஒரு திரையைத் தூக்கிக்கொண்டு வருவேன். சில வாரம் கூடம் நிறையும். பல வாரம் இரண்டு பேர்தான் இருப்பார்கள். அந்த இரண்டு பேருக்கும் முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

முதல் வகுப்பிலேயே ஒரு குழப்பம். திரையில் வரும் கடல் வரைபடத்தில் கரையோரம் அடர்ந்த நீலமாகவும், வெளிக்கடல் வெள்ளையாகவும் இருக்கும். வந்தவர்கள் நீலத்தை ஆழம் என்றும், வெள்ளையை மணல்திட்டு என்றும் இத்தனை நாள் நினைத்திருந்தார்கள். உண்மை நேர்மாறானது: நீலம் அடர அடரத் தண்ணீர் குறைவு. யாரோ சிரித்தார்கள். பெனடிக்ட் சிரிக்கவில்லை. “நீலம்னா ஆழம்னுதான் யாரும் நெனப்பாங்க. நானும் படிக்கறப்ப அப்பிடித்தான் நெனச்சேன்” என்றார்.

அந்த வகுப்புக்கு வந்தவர்களில் ஒருவர்தான் தேவநாதன். சொந்தமாக ஒரு ஃபைபர் படகு வைத்திருந்தார். ஒரு விடியற்காலை பரங்கிப்பேட்டைப் பக்கம் போகும்போது, தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்த பழைய இரும்புத் தோணி ஒன்றில் படகு மோதி அடி கிழிந்தது. பின்னால் வந்த படகுக்காரர்கள் ஆட்களைத் தூக்கிக் காப்பாற்றினார்கள். படகு போயிற்று. தேவநாதனுக்கு வலது கால் நசுங்கிவிட்டது.

நானும் பெனடிக்ட்டும் பார்க்கப் போனோம். தேவநாதனின் மனைவி அஞ்சலை எங்களை உட்காரச் சொல்லவில்லை.

“படத்துல ஒண்ணுமே இல்லன்னுதான் சார் அந்தப் பக்கம் போயிருக்காரு. இருந்திருந்தா போயிருப்பாரா?”

நான் கொண்டுபோயிருந்த திரையில் பெனடிக்ட் அந்த இடத்தைக் காட்டினார். கடலூரும் பரங்கிப்பேட்டையும் ஒன்றாகத் தெரியும் அளவில் அங்கே ஒன்றுமில்லை. விரலால் பெரிதாக்கிக்கொண்டே போனார். புள்ளிப் புள்ளியாக ஒரு வளையமும், அதற்குள் படுத்துக் கிடக்கும் ஒரு கோடும், அதன்மேல் குறுக்குக் கோடுகளும் எழும்பி வந்தன. மூழ்கிய கலத்துக்கான குறி அது.

“இது முன்னாடியே இருந்துச்சா?”

“இருந்துச்சும்மா. படத்தப் பெருசாக்கினாத்தான் காட்டும். தள்ளி வச்சிப் பாத்தா எல்லாம் நெருக்கமாயிடும்னு சின்ன குறியெல்லாம் மறச்சிடும்.”

“போயி இடிக்கற எடத்துக்குக் கிட்ட வந்தாத்தான் காட்டும்னா, அதால என்னா சார் பிரயோஜனம்?”

பெனடிக்ட் திரையை அணைத்தார். இதை வகுப்பில் சொன்னேனே என்று அவர் சொல்லியிருக்கலாம். வகுப்பில் அதைச் சொல்லியும் இருந்தார், நானே கேட்டேன். பஸ்ஸில் திரும்பும்போது, “அந்தம்மா கேட்டது சரியான கேள்வி மச்சான்” என்றார்.

அடுத்த வாரத்திலிருந்து வகுப்பு மாறிவிட்டது. அவர் பேசுவது குறைந்தது. ஒவ்வொருவரும் முன்னால் வந்து, படத்தைப் பெரிதாக்கி, தாங்கள் போகப்போகும் வழி முழுக்க விரலை நகர்த்திக் காட்ட வேண்டும். “கரையிலிருந்தே ஒருவாட்டி போய்ட்டு வந்துடுங்க. அப்பறம் கடல்ல போங்க” என்பதை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று தெரியாது. சில மாதம் கழித்து அஞ்சலையும் வந்தார். அண்ணனோடு சேர்ந்து வேறொரு படகு எடுத்திருந்தார். முன்வரிசையில் உட்கார்ந்து விடாமல் கேள்வி கேட்டார். பெனடிக்ட்டுக்கு அவரிடம் கொஞ்சம் பயம்தான்.

ஊன்றுகோலோடு நடக்கத் தொடங்கியதும் தேவநாதன் ஒன்று சொன்னார்: தான் மோதிய இடம், குறி இருக்கும் இடம் இல்லை, இன்னும் கரைப்பக்கம். பெனடிக்ட் அவரையே கூட்டிக்கொண்டு கடலுக்குப் போனார். நானும் போனேன். உலகம் சுற்றியவர் ஃபைபர் படகில் குடல் வெளியே வருமளவுக்கு வாந்தி எடுத்தார். தேவநாதன் முதுகைத் தடவிக்கொடுத்தபடி, “கப்பல்ல எப்பிடி சார் இருந்தீங்க?” என்று கேட்டார். “அது ஆடாதுப்பா” என்றார் பாவம். கயிற்றில் குண்டு கட்டி இறக்கி, இரும்பு தட்டுப்பட்ட இடத்தைக் குறித்து, வரைபடம் தயாரிக்கும் அலுவலகத்துக்கு எழுதினோம். பதில் இல்லை. மறுபடி எழுதினோம். அதற்குள் அவருக்குச் சிறுநீரகமும் கைவிட்டு, டயாலிசிஸ் ஆரம்பமாகிவிட்டது. “விட்டுத் தொலைடா” என்று நானே சொல்லியிருக்கிறேன். “அலுப்பாத்தான் இருக்கு. இன்னொருவாட்டி எழுதிட்டு விட்டுடலாம்” என்பார். ஒவ்வொரு முறையும் அதையேதான் சொன்னார்.

கடைசியில் வரைபடத்தின் ஒரு புதுப்பிப்பில் அந்தக் குறி கரைப்பக்கம் நகர்ந்து வந்தது. பக்கத்தில் பி, ஏ என்று இரண்டு ஆங்கில எழுத்துகள். இடம் தோராயமானது என்று பொருள். “கலெக்டருக்கு இருக்காரே, அந்த பி.ஏ.வா சார்?” என்று வகுப்பில் ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம். இவ்வளவு அலைந்தும் தோராயம்தானா என்றேன். அவருக்கு அந்த இரண்டு எழுத்தே போதுமானதாக இருந்தது. “சரியா தெரியலன்னு படத்துலயே ஒத்துக்கிட்டாங்க பாரு. பாக்கறவன் கொஞ்சம் தள்ளிப் போவான் இல்ல?”

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து வெளியே வரும்போது அஞ்சலை என்னோடு நடந்தார்.

“ஞாயித்துக்கெழம வகுப்பு உண்டா சார்?”

“எனக்கு அவரு மாதிரி சொல்லத் தெரியாதும்மா. ஒடம்பும் முடியல.”

“அவரு மட்டும் முடிஞ்சா சார் வந்தாரு?”

போனேன். மூன்று பேர் இருந்தார்கள். நீலம், வெள்ளை, பெரிதாக்கிப் பார்ப்பது எல்லாம் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அவருடைய கடலறிவு என்னிடம் இல்லை. அவருடைய பொறுமையும் கிடையாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடும் துணிச்சல் மட்டும்தான் அவரிடமிருந்து எனக்கு வந்திருக்கிறது. அன்று ஒருவர் திரையில் ஊதா நிறக் கோடு ஒன்றைத் தொட்டு, இது என்ன என்று கேட்டார். தெரியவில்லை, கேட்டுக்கொண்டு வந்து அடுத்த வாரம் சொல்கிறேன் என்றேன். சொன்ன பிறகுதான், அடுத்த வாரமும் வருவதற்கு ஒப்புக்கொண்டுவிட்டேன் என்பது எனக்கு உறைத்தது.