காவிரி என்று சொல்லிக் கொடுத்த தண்ணீர்

என் அக்காள் கணவர் தம் கடைசிப் பயணத்தில் குடித்தது காவிரித் தண்ணீர் அல்ல. ஊருணித் தண்ணீரைக் காவிரி என்று சொல்லி அவருக்குக் கொடுத்தவன் நான்தான்.

உங்களிடம் சொல்கிறேன். அக்காளிடம் சொல்ல இன்னும் வாய் வரவில்லை.

யுத்தம் தொடங்குவதற்கு முந்தின கோடை அது. மருங்காபுரியில் ஒரு கல்யாணம். அத்திம்பேரும் நானும் மணப்பாறை வரை ரயிலில் போய், அங்கிருந்து மாட்டுவண்டி பிடித்தோம். அவர் ஸ்ரீரங்கத்தில் கோயில் பாராயண கோஷ்டியில் இருந்தவர். வெளியூர் போனால் காவிரித் தீர்த்தம் தவிர வேறெதையும் வாயில் விடமாட்டார். அதற்காகவே அக்காள் ஒரு செப்புக்குடத்தை நிரப்பி, துணியால் வாயைக் கட்டி, என் பொறுப்பில் விட்டிருந்தாள்.

குடம் சாயாமலிருக்க அடியில் வைக்கோல் புரிமணை இருந்தது. எனக்குத் தூக்கம் வந்தது; அதை உருவித் தலைக்கு வைத்துக்கொண்டேன். என்ன புத்தி அது! விழித்தபோது குடம் உருண்டு காலியாகக் கிடந்தது. அத்திம்பேர் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

மாடுகளை அவிழ்த்துவிட்ட இடத்தில் ஓர் ஊருணி. பழுப்புத் தண்ணீர்.

“காய்ச்சிக் குடிங்க சாமி. இந்தப் பக்கம் பேதி இருக்கு” என்றார் வண்டிக்காரர்.

எனக்குச் சொல்ல வேண்டுமா? பள்ளிக்கூடத்தில் சுகாதாரப் பாடம் நடத்துகிறவன் நான். காய்ச்சிக் கொடுக்கலாம்; ஆனால் அடுப்பு மூட்டினால் அவர் விழித்து, ஏன் என்று கேட்பார். கிணற்றில் போடும் ஊதா மருந்து என் பையிலேயே இருந்தது. ஒரு சிட்டிகை போட்டாலே தண்ணீர் சிவந்து என்னைக் காட்டிக்கொடுத்துவிடும். குளிக்கிற தண்ணீர் தெளிய அக்காள் பையில் வைத்தனுப்பியிருந்த தேற்றாங்கொட்டையை எடுத்தேன். கல்லில் இழைத்துக் குடத்தில் கலந்தேன். சற்று நேரத்தில் சேறு அடியில் தங்கியது. மேலே பளிங்காய்த் தண்ணீர்... தேற்றாங்கொட்டை கிருமியைக் கொல்லாது என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவனும் நான்தான்.

அத்திம்பேர் எழுந்தார்.

“ரகு, கொஞ்சம் தீர்த்தம் கொடு. காவேரிதானே?”

“ஆமாம் அத்திம்பேர்.”

சொம்பைத் தூக்கி அண்ணாந்து குடித்தார். “என்ன இருந்தாலும் நம்மூர் தீர்த்தம் தனிடா” என்றார்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதை விட்டுவிடலாமென்றுதான் பார்த்தேன்... என் கூஜாவில் அந்த ஊதா மருந்தைப் போட்டுத்தான் நான் குடித்தேன். வண்டிக்குப் பின்னால், அவர் கண்ணில் படாமல் நின்று குடித்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு நாளும் அந்தக் குடத்திலிருந்தே அவருக்கு மொண்டு கொடுத்தேன். அப்போதாவது சொல்லியிருக்கக் கூடாதா? கோபித்திருப்பார், பட்டினி கிடந்திருப்பார். உயிரோடு இருந்திருப்பார். மூன்றாம் நாள் கல்யாண வீட்டிலேயே பேதியில் இறந்தார். பழி சமையல்காரர்மேல் விழுந்தது. அதற்கும் வாய் திறக்கவில்லை.

ஆறு வருஷமாகிறது. அவருடைய திதிநாளில், அம்மா மண்டபத்துக் காவிரிப் படித்துறையிலிருந்து அதே குடத்தில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பது நான்தான். ஒவ்வொரு வருஷமும் அக்காள் ஒன்றையே சொல்கிறாள்.

“கடைசிவரைக்கும் வேற தீர்த்தம் அவர் தொண்டையில எறங்கலை. அந்த மட்டும் நீ கூட இருந்தியே, ரகு.”

அவளுக்கு மிஞ்சியிருக்கும் ஆறுதல் அது ஒன்றுதான். அதையும் நான் பிடுங்கிக்கொள்ளவா? அல்லது இதுவும் என் கோழைத்தனத்துக்கு ஒரு சாக்கா? எனக்கே தெரியவில்லை.

தலையை ஆட்டுகிறேன். குடத்தைப் புரிமணையில் இறக்கி, அசையாமல் நிற்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறேன்.