பேணி வாயால் கொத்திய வெண்ணெய்

இந்த ஊரில் மாவுக்கும் குளிர் ஏற வேண்டுமாம். காலையில் நான் கோப்பை கழுவுகிற பலகாரக் கடையின் பின்கதவைத் திறந்தால், படியில் விழுந்து கிடக்கிற பனிக்குள் ஒரு மாச் சட்டி, பக்கத்தில் துணி சுற்றிய வெண்ணெய்க் கட்டி, அதற்கும் பக்கத்தில் ஒரு குவளை தண்ணீர். மனிதர்கள் சட்டைக்கு மேல் சட்டை போட்டும் விறைத்துப்போய் ஓடித் திரிகிற இடத்தில் மாவைக் கொண்டுபோய் வெளியே இருத்தி வைத்திருக்கிறார்கள். முதல் நாள் அதைக் கண்டதும், யாரோ மறந்து விட்டுவிட்டார்கள் என்று எண்ணி எல்லாவற்றையும் உள்ளே தூக்கி வந்தேன். வெண்ணெய் கல்லுப் போலிருந்தது. பாவம், இளகட்டும் என்று அடுப்புக்குக் கிட்ட நகர்த்தி வைத்துவிட்டு, நல்ல காரியம் செய்த திருப்தியோடு கோப்பை கழுவப் போனேன்.

கடைக்காரி மார்த்தா வந்து பார்த்தாள். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தூக்கித் திரும்பவும் பனிக்குள் வைத்தாள். எனக்கு ஒரே குழப்பம். எங்கள் திருகோணமலையில் மா என்றால் முதலில் சூட்டைத்தான் காண வேண்டும். அரிசி மாவென்றால் வறுப்பார்கள். கோதுமை மாவென்றால் துணியில் கட்டி அவிப்பார்கள். சூடு காணாத மாவில் யாரும் இடியப்பம் பிழிந்து நான் பார்த்ததில்லை. இங்கே அதற்கு நேர் எதிர். மா குளிர வேண்டும், வெண்ணெய் குளிர வேண்டும், சட்டியும் கத்தியும்கூடக் குளிர வேண்டும். அப்போதுதான் பை என்கிற பலகாரத்தின் ஓடு நன்றாக வருமாம். பை என்றால் நம்முடைய சாக்குப் பை அல்ல. எங்கள் பேக்கரிப் பற்றீஸைப் பெரிதாக்கி, தட்டு அளவுக்கு வட்டமாக்கி, உள்ளே மீனுக்குப் பதிலாக அப்பிள் பழம் வைத்தது என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதன் ஓடு கடித்தவுடன் இதழ் இதழாக உதிர வேண்டும். உதிராவிட்டால் அது பை இல்லை. இந்த ஊரில் அந்த விஷயத்தில் யாருக்கும் இரக்கம் கிடையாது.

நான் இருப்பது கனடாவின் கிழக்குக் கரையில் ஒரு சின்னத் துறைமுகத்து ஊர். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து நான் ஓரிடத்தில் நின்றதில்லை. தம்பலகாமத்தில் உழவு மெசின் ஓட்டினேன், நிலாவெளிக்கு ஐஸ் ஏற்றினேன், கொழும்பில் லொட்ஜில் கிடந்தேன், பிறகு எந்தெந்த நாட்டு விமான நிலையங்களிலோ படுத்தெழும்பி இங்கே வந்தேன். எங்கேயும் நிற்க வேண்டுமென்று தோன்றியதில்லை. இந்த ஊரில்தான் முதல் தடவையாகத் தோன்றியது. கோப்பை கழுவுகிற தொட்டிக்கு மேலே ஒரு யன்னல் இருக்கிறது. அதற்குள்ளால் பார்த்தால் மலைகள் வளைத்துப் பிடித்த கடல் தெரியும். திருகோணமலையின் உள்துறைமுகத்தை எங்கள் பாலையூற்றுப் பக்கத்து மேட்டிலிருந்து பார்ப்பது போலவே இருக்கும். டீசலும் மீனும் கலந்த மணம் வரும். அந்த மணத்துக்காகவே நான் கோப்பைகளை இரண்டு தரம் கழுவுவேன்.

இந்தக் கார்த்திகையில் அதற்கு ஆபத்து வந்தது. மார்த்தா படியில் சறுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். கார்த்திகைக் கடைசியில்தான் இங்கே சிங்கி இறால் பிடிக்கிற காலம் தொடங்கும். படகுகள் பொறிகளை ஏற்றிக்கொண்டு ஒன்றாகக் கிளம்புகிற அந்தத் திங்கட்கிழமை ஊர் முழுக்க இறங்குதுறைக்கு வந்துவிடும். ஒவ்வொரு படகுக்கும் ஒரு அப்பிள் பை மார்த்தாவின் கடையிலிருந்து போக வேண்டும். அவளுடைய தாய் காலத்திலிருந்து அப்படித்தான். மார்த்தா என்னைக் கூப்பிட்டு, சனிக்கிழமை காலைக்குள் உன்னால் ஒரு ஓடு சரியாகச் சுட முடிந்தால் கடை திறந்திருக்கும், இல்லாவிட்டால் பூட்டிவிட்டுக் கை சுகமாகும் வரை நகரத்தில் மகள் வீட்டுக்குப் போய்விடுவேன் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும் என்று சொல்வதைப் போலச் சொன்னாள். கடை பூட்டினால் எனக்கு ரொறன்ரோதான். அங்கே என் மச்சான் தயாளன் ஒரு நிலவறை வீட்டில் எனக்கொரு மூலையை எப்போதும் வைத்திருக்கிறான். தொலைபேசியில் அவன் சந்தோசப்பட்டான்.

"ஒரு தமிழன் இல்லை, ஒரு கறிவேப்பிலை இல்லை. என்னத்தைக் கண்டிட்டு அங்க நிக்கிறாய்? வா இஞ்ச, பக்டரியில வேலை எடுத்து விடுறன்."

முதல் ஓட்டை நான் ரொட்டிக்குக் குழைப்பதைப் போலக் குழைத்தேன். வேறெப்படிக் குழைப்பது? உள்ளங்கையால் அழுத்தி, மடித்து, திருப்பி அடித்து, வியர்வை வரும் வரை. முறிந்த கையைத் துணித் தொட்டிலில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு மார்த்தா பக்கத்தில் நின்றாள். "விட்டுவிடு. அது உனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லையே" என்றாள். நான் களைத்துப்போனேன் என்று பரிதாபப்படுகிறாள் என நினைத்து இன்னும் பலமாக அடித்தேன். எங்கள் பக்கத்தில் விருந்தாளிக்கு அரைகுறையாகக் குழைத்த மாவில் ரொட்டி போடுகிறவனைப் பஞ்சி பிடித்தவன், சோம்பேறி என்பார்கள். நானா பஞ்சி பிடித்தவன்? போறணை அடுப்பிலிருந்து வெளியே வந்தது சப்பாத்தின் அடித்தோல். அதைக் கத்தியால் தட்டினால் சத்தம் கேட்டது. இரண்டாவதை விரல் நுனியால் மெதுவாகப் பிசைந்து பார்த்தேன். என் கைச்சூட்டில் வெண்ணெய் உருகி மா பசையாகிவிட்டது. மார்த்தா தன் இடது கையால் செய்து காட்டப் போய்ப் பாதி மாவை நிலத்தில் கொட்டினாள். அவளுக்குச் செய்யத் தெரியும், சொல்லத் தெரியாது. எனக்குக் கேட்கத் தெரியாது. இரண்டு பேரும் மாவைக் கூட்டி அள்ளினோம்.

வெண்ணெயின் குளிரை எப்படிக் காப்பாற்றுவது என்று யோசித்தபோது எனக்கு ஐஸ் லொறி நினைவுக்கு வந்து ஒரு உசார் பிறந்தது. குளிரைக் காப்பாற்றுகிற வேலையைத்தானே நான் வருசக்கணக்காகச் செய்தேன். பட்டணத்து ஐஸ் ஆலையிலிருந்து நிலாவெளி மீன்வாடிகளுக்குப் பாளம் பாளமாக ஐஸ் ஏற்றுவோம். தம்பலகாமத்து அரிசி ஆலைகளிலிருந்து அள்ளி வந்த உமியால் மூடி, அதற்கு மேல் நனைந்த சாக்குப் போடுவோம். லொறி கிண்ணியா முபாரக் நானாவுடையது. பாளத்தைத் தள்ளும்போது நான் உள்ளங்கையை வைத்தால் அவர் முன்னாலிருந்தே கத்துவார்: "கைய எடு தம்பி. வெயிலுக்கு முன்னம் ஒண்ட சூடே அதக் குடிச்சிரும்." வழியில் சோதனைச் சாவடிகள். உமிக்குள் என்ன இருக்கிறதென்று ஆமிக்காரன் இரும்புக் கம்பியால் குத்துவான். சில நாள் பாளங்களை எல்லாம் இறக்கச் சொல்லுவான். கண்ணாடி போல உள்ளே தெரிகிற ஐஸுக்குள் எதைத் தேடுவது? ஆனாலும் அவன் தன் வேலையைச் செய்தான், ஐஸும் தன் வேலையைச் செய்தது. நிலாவெளி போய்ச் சேரும்போது பாதிதான் மிஞ்சும். அந்தப் பாதியில்தான் அன்றைக்குக் கரைவலையில் பட்ட மீன் பிழைக்க வேண்டும். ஆகவே ஐஸை எப்படித் தொடாமல் வேலை செய்வது, எவ்வளவு விரைவாகச் செய்வது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் தொடாமல் எப்படி மாவையும் வெண்ணெயையும் ஒன்றாக்குவது? அதுதான் பிடிபடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அக்காவோடு கதைக்கிற முறை. அங்கே அப்போது மாலை. என் அக்கா பாலையூற்றிலிருந்து சைக்கிளில் பட்டணத்துத் தொலைபேசிக் கடைக்கு வந்து காத்திருப்பாள். கடையில் வரிசையில் நிற்கிறவர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்பதால் சண்டையைப் பற்றி ஒன்றும் கேட்கக் கூடாது, அவளும் சொல்ல மாட்டாள். கறண்ட் இல்லை, மழை தொடங்கிவிட்டது, அவ்வளவுதான். அதனால் நான் பை கதையைச் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் வரிசையில் நின்றவர்களும் சிரித்திருக்க வேண்டும்.

"கனடாவுக்குப் போயும் குசினிக்குள்ளயோடா நிக்கிறாய்? இஞ்ச தண்ணிகூட வார்த்துக் குடியாதவன்."

வெண்ணெய் மாவுக்குள் கரையக் கூடாது, உளுந்து அளவில் சின்னச் சின்னத் துண்டாக நிற்க வேண்டும், ஒவ்வொரு துண்டையும் மா மூடியிருக்க வேண்டும், கைச்சூடு படக் கூடாது என்று விளக்கினேன். தான் கேட்டதைச் சரிபார்க்கிறவள் போல அவள் திரும்பச் சொன்னாள்.

"குழைக்கவும் கூடாது, கட்டி படவும் கூடாது. அப்பிடித்தானே?"

"ஓம்."

"அது புட்டெல்லோடா. ஏன் மாவைப் போட்டு வருத்துறாய்? கொத்து. திண்ட புட்டுக்கு ஒரு நாளெண்டாலும் சுண்டு பிடிச்சனியே நீ?"

அதோடு தொடர்பு அறுந்துவிட்டது. நான் றிசீவரைக் கையில் பிடித்தபடியே நின்றேன். தலைக்குள் ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது.

அது ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் கேட்ட சத்தம். சண்டை நெருங்கியபோது பாலையூற்றை விட்டு ஓடி, பட்டணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அகதிகளாக இருந்தோம். ஒரு வகுப்பறையில் பல குடும்பம். பிள்ளைகள் இருக்கிற வாங்குகளை அடுக்கிச் சுவராக்கியிருந்தோம். கரும்பலகையில் யாரோ பாதியில் விட்ட கணக்கு அப்படியே இருந்தது, யாரும் அழிக்கவில்லை. நிவாரணமாகக் கிடைத்தது கோதுமை மா மட்டும்தான். அக்காவின் பாத்திரங்கள் எல்லாம் வீட்டோடு போய்விட்டன. அவள் மாவை அவித்து, சுடுதண்ணீர் தெளித்து, மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி விரித்த தட்டில் பரப்பினாள். புட்டு கொத்துவதற்கு வீட்டில் அரிசி அளக்கிற சுண்டு இருந்தது. அங்கே அதுவும் இல்லை. குப்பையில் கிடந்த ஒரு பால்மாத் தகரப் பேணியை எடுத்துக் கழுவி, அதன் வாயைக் கவிழ்த்துக் கொத்தத் தொடங்கினாள். ணக், ணக், ணக். கட்டியாகத் திரள்கிற மா பேணியின் விளிம்பு பட்டுக் குறுணி குறுணியாகப் பிரியும். கை மாவில் படாது. வகுப்பறை முழுக்க அந்தச் சத்தத்துக்கு எழும்பும். எனக்குத் தெரிந்ததெல்லாம் அதைத் தின்னத்தான். ஆனாலும் தினமும் பார்த்தபடி இருந்திருக்கிறேன்.

சனிக்கிழமை விடிந்ததும் கடைக்குப் போனேன். குப்பைத் தொட்டியில் ஒரு பெரிய தக்காளிப் பேணி கிடைத்தது. இரண்டு பக்கமும் வெட்டித் திறந்து, விளிம்பைக் கல்லில் தேய்த்துக் கழுவினேன். தட்டையும் மாவையும் வெண்ணெயையும் பனிக்குள்ளிருந்து எடுத்தேன். மா இரண்டு பங்கு என்றால் வெண்ணெய் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு, ஒரு சிட்டிகை உப்பு. பின்கதவைத் திறந்தே வைத்தேன், குளிர் உள்ளே வரட்டுமென்று. பிறகு கொத்தினேன். அந்தச் சத்தம் வந்தது, நண்பர்களே. அதே சத்தம். வெண்ணெய் துண்டுபட்டு, துண்டு குறுணியாகி, குறுணியை மா மூடியது. என் கை எதிலும் படவில்லை. உளுந்து அளவு வந்ததும் நிறுத்தினேன். ஐஸ் தண்ணீரைப் புட்டுக்குத் தெளிப்பதைப் போல விரலால் தெளித்து, ஒரு கை அள்ளிப் பொத்திப் பார்த்தேன். பிடித்தால் பிடிபட வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். புட்டுக்கும் அதே பதம்தானே! சுடுதண்ணீருக்குப் பதில் ஐஸ் தண்ணீர், தேங்காய்ப்பூவுக்குப் பதில் வெண்ணெய், புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டிக்குப் பதில் போறணை. வேறென்ன வித்தியாசம்? எல்லாவற்றையும் ஒன்றாக அமத்தி, துணியில் சுற்றி, பனிக்குள் கொஞ்ச நேரம் தூங்க விட்டேன். ஐஸ் பாளத்துக்குச் சாக்குப் போடுகிற அதே அவசரத்தோடு உருட்டித் தட்டி, தட்டில் விரித்து, போறணைக்குள் தள்ளினேன். உங்களிடம் குளிர்பெட்டி இருந்தால் பனிக்குக் காத்திருக்கத் தேவையில்லை. ஊரில் இருப்பவர்கள் ஐஸ் கிடைக்கிற நாளில் மாஜரினில் செய்து பாருங்கள். பிசையாதீர்கள், அவ்வளவுதான்.

உள்ளே நடப்பதைக் கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன். வெண்ணெய்க் குறுணிகள் உருகி, அவை இருந்த இடங்களில் ஆவி எழும்பி மாவை ஏடு ஏடாகத் தூக்கியது. வெளியே எடுத்தபோது விளிம்பு, மழையில் நனைந்து பிறகு வெயிலில் காய்ந்த பாடப்புத்தகம் போல, தாள் தாளாக விரிந்திருந்தது. மார்த்தா இடது கையால் ஒரு மூலையை ஒடித்தாள். அது உதிர்ந்து அவளுடைய கைத்தொட்டிலுக்குள் விழுந்தது. அங்கிருந்தே பொறுக்கித் தின்றாள். பிறகு மேசையிலிருந்த பேணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எங்கே பழகினாய்?"

"பள்ளிக்கூடத்தில்" என்றேன். வேறெப்படிச் சொல்வது? என் ஆங்கிலத்துக்கு அகதி முகாம் என்று விளக்க ஏலாது. அவள் மரியாதையோடு தலையாட்டினாள். திங்கட்கிழமை இறங்குதுறையில் எல்லோரிடமும், இவர் சிலோனில் சமையல் கல்லூரியில் பயின்றவர் என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். நான் மறுக்கவில்லை. எண்ணிப் பார்த்தால், பள்ளிக்கூடத்துக்குள் நான் உருப்படியாக எதையாவது கற்றிருந்தால் அது இந்த ஒன்றுதான்.

படகுகள் பொறிகளைக் கோபுரம் போல அடுக்கிக்கொண்டு நின்றன. ஒவ்வொரு படகுக்கும் ஒரு பை போனது. ஒருவர் பொறுக்காமல் அங்கேயே நின்று வெட்டிக் கடித்தார். காற்றில் ஓட்டின் இதழ்கள் பறந்து அவருடைய தாடியிலும் தண்ணீரிலும் விழ, கடற்பறவைகள் இறங்கின. ஊரே கை காட்ட, படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே போயின. திரும்பி நடக்கும்போது மார்த்தா, தை மாதத்துக்கு எத்தனை மூட்டை மாவுக்குச் சொல்லி வைப்பது என்று என்னைக் கேட்டாள். நான் மூட்டைக் கணக்கைச் சொல்லவில்லை. வழக்கத்தை விடக் கூடுதலாகச் சொல்லி வை என்றேன். அன்றைக்கே தயாளனுக்கு அழைத்து, அந்த மூலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடு என்றேன். "விசரா" என்று பைத்தியக்காரப் பட்டம் கட்டினான், சிரித்துக்கொண்டு.

பின்னேரம் கடையில் ஒருவரும் இல்லை. மிஞ்சிய மாவை அவித்து எனக்காகப் புட்டுக்குக் கொத்தினேன். காலையில் வெண்ணெய் கொத்திய விளிம்பை விட்டு, பேணியின் மறு விளிம்பால். சாப்பிட்டு முடித்துப் பேணியைக் கழுவித் துடைத்து, யன்னலுக்கு நேரே பிடித்து அதற்குள்ளால் பார்த்தேன். வட்டத்துக்குள் துறைமுகம் வெறுமையாகக் கிடந்தது. படகுகள் எல்லாம் கடலில். இதே கார்த்திகையில் நிலாவெளியில் கடல் கொந்தளிக்கும், படகுகள் எல்லாம் கரையில் கவிழ்ந்து கிடக்கும். பேணியைத் திருப்பி, மறு வாயால் பார்த்தேன். அதே தண்ணீர்தான் தெரிந்தது.