தரவைக்குக் கொண்டுபோன மூன்று கால்

கனடாவில் இருக்கிற என் தம்பி போன முறை வந்தபோது தன் பழைய கமராவை எங்கள் வீட்டில் விட்டுப் போனான். நீட்டுக் கண்ணாடி பூட்டிய, நல்ல பாரமான கமரா. மாரி மழை ஓய்ந்தால், தண்ணீர் தேங்கி நிற்கிற வெட்டைவெளியான எங்கள் தரவைக் கரையில் பூநாரைகள் வந்து இறங்கும். நான் நடந்து போய் அவற்றைப் படம் எடுக்கத் தொடங்கினேன். எடுத்த படங்களை மகள் அவனுக்கு ஃபோனில் அனுப்பினாள். எல்லாம் கலங்கிக் கிடந்தன.

"அக்கா, உங்கடை கை நடுங்குது. உது உங்களுக்குச் சரிவராது. பங்குனியிலை வரேக்கை நான் கமராவைக் கொண்டுபோறன்" என்றான்.

கால் நடுங்கினால் தடி பிடிக்கிறோம். கை நடுங்கினால் கமராவைப் பறிப்பதா? கமராவைப் பூட்டி நிறுத்துகிற மூன்று கால் ஸ்ராண்ட் ஒன்று வாங்குவதென்று மகளோடு சாவகச்சேரிக்குப் போனேன்.

கடைக்காரப் பொடியன் மெல்லிய ஒன்றை எடுத்து விரித்தான்.

"பாரமே இல்லை, அம்மா. நடந்து திரியிற ஆக்களுக்கு இதுதான்."

நான் அதன் தலையில் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். பிறந்த அன்று எழும்பப் பார்க்கிற ஆட்டுக்குட்டி மாதிரிக் கால்கள் விலகின.

"ஐயோ, உடைஞ்சுபோடும் அம்மா!"

"உடையிறதெண்டால் இஞ்சை உடையட்டும், ராசா. அங்கை உடைஞ்சால் கமரா எல்லோ சேத்துக்கை போகும்."

பாரமும் குறைந்து உறுதியும் உள்ள ஒன்று கண்ணாடி அலுமாரிக்குள் இருந்தது. விலையைக் கேட்டதும் மகள் என் சீலையைப் பிடித்து இழுத்தாள். அப்போதுதான் மூலையில் சாய்ந்து நின்றதைக் கண்டேன். பழையது. ஒவ்வொரு காலும் உலக்கை மாதிரி. கலியாண வீடியோக்காரர் விற்றுவிட்டுப் போனதாம்.

அதையும் அழுத்தினேன். அசையவில்லை. விலையும் என் கைக்கு எட்டியது.

"அதைத் தூக்கமாட்டியள், அம்மா."

"உம்மை ஆர் தூக்கச் சொன்னது?"

காசைக் கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தேன்.

முதல் நாள் தோளில் வைத்து நடந்தேன். தோள் கழன்றுபோகும் போல இருந்தது. மகளுக்குச் சொல்லவில்லை. அடுத்த நாள் பழஞ்சீலையைச் சுருட்டிச் சும்மாடு கட்டி, ஸ்ராண்டைத் தலையில் குறுக்கே ஏற்றினேன். ஒரு காலத்தில் நெற்கட்டுச் சுமந்த தலைதானே.

"ஊர் சிரிக்கப்போகுது. விறகு விக்கப் போறா எண்டு நினைப்பினம்" என்றாள் மகள்.

"நினைக்கட்டும். விறகெண்டால் ஒருத்தரும் களவெடுக்க மாட்டினம்."

சிரித்தார்கள்தான். கழுத்தும் நொந்தது. இரண்டையும் பொருட்படுத்தாமல் போய்வந்தேன். வாடைக்காற்று என் சீலையைப் பிடித்து உலுப்பும். கமரா அசையாது நிற்கும்.

பங்குனியில் தம்பி வந்தான். விடிய அவனையும் தரவைக்குக் கூட்டிப்போனேன். ஒரு படம் எடுத்து, கமராவின் முதுகுத் திரையில் காட்டினேன். பூநாரையின் சொண்டிலிருந்து சொட்டிய தண்ணீர்த்துளி கூடத் தெளிவாக இருந்தது. கனநேரம் பார்த்தான்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனால் இந்த வயசிலை உந்தப் பாரம் என்னத்துக்கு அக்கா? விழுந்து கிடந்தியளெண்டால்? கமராவைத் தாங்கோ."

எனக்குச் சுர்ரென்றது.

"கழட்டாதை. ஸ்ராண்டோடை தூக்கு. வீடுவரைக்கும் கொண்டுவந்தியெண்டால் கமரா உன்ரை."

தூக்கினான். வலத்தோளில் வைத்தான், இடத்தோளுக்கு மாற்றினான், கட்டிப்பிடித்துப் பார்த்தான். மதகடியில் இறக்கிவைத்து மூச்சு வாங்கினான். நான் அவனைக் கடந்து நடந்தேன்.

"அக்கா, நில்லுங்கோ!"

திரும்பிப் போனேன். கமராவைக் கழற்றி என் தோளில் மாட்டினேன். குனிந்து ஸ்ராண்டுக்குத் தலையைக் கொடுத்தேன். தம்பி தூக்கி ஏற்றிவிட்டான்.

அவன் பயணம் போனபோது பெட்டியில் ஒடியல் மா போனது, மிளகாய்த்தூள் போனது. கமராவைப் பற்றி அவனும் கேட்கவில்லை, நானும் எடுத்துக் கொடுக்கவில்லை.