ஞாயிற்றுக்கிழமை வலிக்காத வயிறு

டாக்டர் கமலவேணி அம்மையார் காலமாகிவிட்டார் என்று அவருடைய கம்பவுண்டர் போன் செய்தபோது, நான் பட்டாசுக் கம்பெனியில் லாரிக்கு லோடு ஏற்றிக்கொண்டிருந்தேன். சீசன் நேரம்தான். இருந்தும் வேலையை அப்படியே நிறுத்திவிட்டு விருதுநகர் பஸ் ஏறினேன். இன்று நாலு பேரைப் போல நான் சாப்பிட்டு நடமாடுவதே அவரால்தான்.

சில வருஷங்களுக்கு முன் எங்கள் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் அறை வெடித்தது. என் கூட்டாளி மாரிச்சாமி அதில் போய்விட்டார். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அதற்குப் பிறகு, காலையில் கம்பெனி வேனின் ஹாரன் கேட்டாலே வயிற்றைப் பிசையும். கொல்லைக்கு ஓட வேண்டும். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டும் நிற்கவில்லை. "வேலைக்குப் போகாம இருக்க நல்ல சாக்கு" என்று என் மைத்துனரே சொன்னார். உடம்பு பாதியாகிவிட்டது.

கடைசியில் கமலவேணி அம்மையாரிடம் போனேன். அவர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, "ஞாயித்துக்கெழம வலிக்குதா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"இல்லம்மா. அன்னைக்குக் கம்பெனி வேன் வராது."

"அப்ப இது பொய் வலின்னு நெனைக்கீகளா?"

"எம் மச்சானே அப்படித்தாம்மா சொல்லுதாரு."

"வலி நெசம். வயித்துக்கும் மூளைக்கும் நரம்பு ஓடுது. மனசு பயந்தா வயிறு கலங்கும். வயிறு கலங்குனா, என்னமோ ஆபத்துன்னு அது மூளைக்குச் சொல்லும். பயம் இன்னும் கூடும். ரெண்டையும் சேத்துத்தான் பாக்கணும்."

மதுரையில் ஒரு மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எனக்கென்ன பைத்தியமாம்மா?"

அவர் சிரிக்கவில்லை. "ஆஸ்பத்திரி வேலையில தீக்காயக்காரங்களப் பாத்துப் பாத்து எனக்கே சோறு எறங்காமப் போச்சு. அவருகிட்டதான் போனேன். எனக்குப் பைத்தியமா?"

போனேன். மாத்திரையும், மனம்விட்டுப் பேசியதும், நேரத்துக்குச் சாப்பாடுமாக மெல்லத் தேறினேன். அம்மையாரே முதலாளியிடம் பேசி என்னைப் பேக்கிங் பக்கம் மாற்றச் செய்தார். பிறகு, என்னைப் போலவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சொல்லத் தெரியாமல் நின்ற எத்தனையோ பேரை அவரிடம் அழைத்துப் போயிருக்கிறேன். ஒருவரையும் "ஒண்ணுமில்ல, போங்க" என்று அவர் அனுப்பியதில்லை.

எங்கள் பக்கத்தில் பெரிய மனிதர் இறந்தால் வழிநெடுக வேட்டுப் போடுவார்கள். அன்றும் சிலர் ஜீப்பில் சரவெடி கொண்டுவந்திருந்தார்கள். அம்மையாரின் மகள் கைகூப்பி மறித்தார். "வேண்டாங்க. அம்மா சொல்லிட்டுத்தான் போயிருக்காக. 'எங்கூட வர்றவுகள்ல பாதிப் பேரு கம்பெனி ஆளுக. வேட்டுச் சத்தத்துல ஒருத்தருக்கும் வயிறு கலங்கக் கூடாது'ன்னாக."

சரங்கள் பிரிக்கப்படாமலே கிடந்தன. விபத்துக்குப் பிறகு வேட்டுச் சத்தத்துக்குப் பயந்து எந்த ஊர்வலத்துக்கும் போகாத மாரிச்சாமியின் மனைவி, அன்று தெருமுனை தாண்டியும் எங்களோடு நடந்து வந்தார்.

பயமில்லாமல் வழியனுப்பினோம் அம்மா. நிம்மதியாகப் போய் வாருங்கள்.