போதகராக நடித்த ஆனந்தராஜா

அமெரிக்காவின் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் ஞாயிறுதோறும் வாடகை மண்டபத்தில் கூடிய சின்னத் தமிழ்ச் சபைக்குப் போதகர் கிடையாது. ஜெபம் நடத்தியது மூப்பர் ஆனந்தராஜாதான். யாழ்ப்பாணத்துக்காரர். வார நாட்களில் ஒரு மருந்துக் கம்பெனியில் அறிக்கைகளைச் சரிபார்க்கும் வேலை. மனைவி இறந்தபின் அவருக்கு மனிதர்கள் என்று இருந்தது அந்தச் சபை மட்டுமே.

அங்கே சயந்தினி என்ற நர்ஸ் வந்துகொண்டிருந்தாள். 1996இல் ஒரு ஞாயிறு, பாட்டுக்கு நடுவே வலிப்பு வந்து விழுந்தாள். முந்தைய வாரம் அவள் தூக்கிக் கொஞ்சிய சபைக் குழந்தை ஒன்றுக்குக் காய்ச்சல் கண்டிருந்தது. இரண்டையும் யாரோ முடிச்சுப் போட்டார்கள். பிசாசு பிடித்தவள் என்ற பேச்சு வீடு வீடாகப் போனது. ஆனந்தராஜா அவளைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"இது வலிப்பு, அங்கிள். நான் அதுக்கு மருந்துக் குளிசை எடுக்கிறனான்."

"எனக்கு விளங்குது பிள்ளை. சனம் பயப்படுது. பேய் கலைக்கிற ஜெபத்துக்கு ஒருக்கா இருந்திட்டுப் போங்கோ."

"இல்லாத பேயை எப்பிடி அங்கிள் கலைக்கிறது?"

அவள் இனிச் சபைக்கு வரக் கூடாது என்ற கடிதத்தில் அவர் கையெழுத்துப் போட்டார். எல்லோர் முன்னிலையிலும் வாசித்ததும் அவர்தான். சயந்தினி கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியேறினாள். வாசல்வரைகூட யாரும் அவளோடு போகவில்லை.

மறு வருடம், அந்த ஊர் ஆசிரியை ஒருத்தி பழங்காலச் சூனியக்காரி வழக்குகளைப் பற்றி ஒரு நாடகம் எழுதி, நூலக அரங்கில் போட ஆள் தேடினாள். கம்பீரமான குரல் என்று சொல்லி, ஆபீஸ் நண்பர் ஆனந்தராஜாவைக் கூட்டிப்போனார். போதகர் வேடம் கிடைத்தது. அந்தப் போதகர் பெண்களை விசாரித்துத் தண்டனைக்குக் கையெழுத்திடுகிறவர். கடைசிக் காட்சியில் மனம் மாறி, ஊரார் முன் நிற்பார். 'பயந்தவர்களுக்காகக் கையெழுத்திட்டேன், உண்மைக்காக அல்ல' என்பது அவர் பேச வேண்டிய வசனம். ஒத்திகையில் அந்த இடம் வந்ததும் ஆனந்தராஜா 'பயந்தவர்களுக்காக' என்றதோடு நின்று, மீதியைத் தரையைப் பார்த்துச் சொல்லி முடித்தார். "பிரமாதம், மேடையிலும் இப்படியே செய்யுங்கள்" என்றாள் ஆசிரியை. அவளிடம் என்னவென்று சொல்வார்?

சயந்தினி டெக்ஸாஸில் இர்விங்குக்குக் குடிபோயிருந்தாள். நம்பரை விசாரித்து வாங்கி, சனிக்கிழமை காலையில் கூப்பிட்டார்.

"நான் செய்தது பிழை, பிள்ளை. மன்னிக்கவேணும்."

சயந்தினி சொன்னாள்: "எனக்குத் தனியாச் சொல்லி என்ன பிரயோசனம், அங்கிள்? கடிதத்தை எல்லாருக்கும் முன்னாலதானே வாசிச்சனீங்கள்."

மறுநாள் ஜெபம் முடிந்ததும் ஆனந்தராஜா உட்காரவில்லை.

"சயந்தினிக்கு இருந்தது வலிப்பு வருத்தம், பேயில்லை. எனக்கு அண்டைக்கே தெரியும். தெரிஞ்சும் உங்களுக்குப் பயந்து கையெழுத்துப் போட்டன்."

"அப்ப நாங்கள்தான் குற்றவாளியளோ?" என்று, அன்று காய்ச்சல் கண்ட குழந்தையின் தகப்பன் எழுந்தான். மற்றவர்கள் பாட்டுப் புத்தகங்களை மூடிக்கொண்டு கலைந்தார்கள். அடுத்த வாரம் வேறொருவர் ஜெபம் நடத்தினார். மூப்பருக்கு ஓய்வு தேவை என்று சொல்லிவிட்டார்களாம்.

நாடகம் இரண்டு நாள் நடந்தது. கைதட்டல் பலமாகத்தான் இருந்தது. வணங்கும்போது ஆனந்தராஜா வரிசை வரிசையாகப் பார்த்தார்; தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை.

சபையில் சொல்லிவிட்டதாகச் சயந்தினிக்குத் தெரிவித்தபோது, "சரி, அங்கிள்" என்று மட்டும் சொன்னாள். அவள் திரும்பி வரவில்லை. அதன்பின் ஞாயிறுகளில் அவர் ஒரு அமெரிக்கத் தேவாலயத்தின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். ராகம் தெரிந்த பாட்டு வந்தால், பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காத குரலில் தமிழில் பாடிக்கொள்வார்.